உங்கள் பங்கு, ஒரு மஞ்சள் குடை

ஜூன் 4, செவ்வாய்

இன்றும் ஒரு பொய்க் கனவு. எழுந்ததும் படுக்கையில் உட்கார்ந்தபடியே போனில் தட்டிவிட்டேன்: கடை முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, மூக்குக்கண்ணாடிகள் மீன்கள் மாதிரி நீந்துகின்றன, ஒன்றைப் பிடித்து மாட்டிக்கொண்டால் எதிரே என் கணக்கு வாத்தியார் ஈரச் சட்டையோடு நிற்கிறார். நேற்று ஒரு ஃபிரேமைக் கழுவும்போது தோன்றியதுதான். கொஞ்சம் ஜோடித்தேன். ஒன்பது பேருக்குப் பிடித்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. என்ன ஜென்மமோ நான்.

‘காலைக் கனவு’ குழுவில் பெரிய சட்டதிட்டம் கிடையாது. காபி குடிப்பதற்குள் கனவை எழுதிவிட வேண்டும். யாரும் யாருக்கும் பலன் சொல்லக் கூடாது. படிக்கிறவர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம், அதற்கு மேல் நோண்டக் கூடாது.

குழுவில் தவளை என்ற பெயரில் இருப்பவர் எழுதியது: “மாடிப்படி இறங்கிக்கொண்டே இருக்கிறேன். படிக்கு ஒருவர் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். யாருக்கும் அவசரம் இல்லை. கீழே கடல் என்று தெரியும், சத்தம் மட்டும் வரவில்லை. உங்கள் பங்கு: ஒரு மஞ்சள் குடை. நனைந்திருந்தது. மழை இல்லை.”

கடைக்கு நடந்தேன். வெயில் கொளுத்துகிறது, நான் கையில் இல்லாத குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு போகிறேன். தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டுகிற மாதிரியே இருந்தது. பத்து ஜோடி லென்ஸுக்கு விளிம்பு தேய்த்து மாட்டினேன். மெஷின் சத்தம்கூட இன்று கொஞ்சம் தூரத்தில் கேட்டது.

ஜூன் 7, வெள்ளி

தவளைக்கு மட்டும் என் திருட்டுத்தனம் தெரியும். எழுதி வைக்கிறேன், பிற்காலத்தில் நானே மறந்துவிடுவேன்.

எனக்குக் கனவு வருவதில்லை. ஏழு வருடமாகிறது. ஒரு பெரிய காய்ச்சலில் மூன்று வாரம் படுத்து எழுந்தேன், அதோடு சரி. படுத்தால் கருப்பு, எழுந்தால் காலை. டாக்டர் சிரித்தார். “எல்லாருக்கும் வருது சார், உங்களுக்கு மறந்துபோகுது.” மறந்துபோனதும் வராததும் எனக்கு ஒன்றுதானே? சின்ன வயதில் கனவிலேயே குடியிருந்தவன் நான். பறிபோனது என்ன என்று யாரிடம் சொல்ல முடியும். வெளியே சொன்னால், “நிம்மதியா தூங்குறேன்னு சொல்லு” என்பார்கள்.

மச்சினன்தான் இந்தக் குழுவில் சேர்த்துவிட்டான். அவன் வீட்டு ஹாலில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேல், ஒரு பழைய கம்ப்யூட்டர் எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும். அதுதான் எங்கள் சர்வர். அதன் சூட்டில் ஈர சாக்ஸ் காயப்போட்டிருப்பான். “இது நம்ம வீடு மாமா. இது மாதிரி ஆயிரக்கணக்குல வீடு இருக்கு, ஒண்ணொண்ணையும் யாராவது ஒருத்தர் நடத்துறாங்க. எல்லாத்துக்கும் சேர்த்து முதலாளின்னு யாரும் கிடையாது. வீட்டுக்கு வீடு ஜன்னலைத் தொறந்து வச்சுப் பேசிக்கிறோம், அவ்வளவுதான்.” ஜன்னல் வரைக்கும் எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.

நாலு வருடமாகக் கதை விட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு, பனிக்குள் நடக்கிற மாதிரி ஒன்று எழுதினேன். தவளை தன் ஒரே கேள்வியைக் கேட்டார்: “நடக்கும்போது கால் தரையில் பட்டதா?” பதில் தெரியவில்லை. அரைநாள் யோசித்தேன். நிஜமாகப் பார்த்தவனுக்கு யோசிக்கத் தேவையே இல்லை. தனியாக ஒரு செய்தி அனுப்பி, உண்மையைக் கக்கிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். “அப்படியா. சரி, இனிமேல் உங்களுக்கும் சேர்த்து நான் பார்க்கிறேன்” என்றார். அன்றிலிருந்து அவர் கனவின் கடைசி வரியில் என் பங்கு இருக்கும். ஒரு நாள் கதவுக் கைப்பிடி. ஒரு நாள் யாரோ பக்கத்து அறையில் பாடம் படிக்கும் குரல். மற்றவர்கள் அதை ஏதோ விளையாட்டு என்று நினைக்கிறார்கள்.

ஆணா பெண்ணா, கிழமா குமரா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. கேட்டதும் இல்லை.

ஜூன் 12, புதன்

குழுவில் பொத்தான் என்று ஒரு அம்மா, சின்னப் பிள்ளைக்காரி. மகளின் ஒற்றை ஷூ குளத்தில் மிதப்பதாக எழுதியிருந்தாள். வேறு வீட்டிலிருந்து வந்த ஒரு ஆள், அவள் பதிவுக்குக் கீழே கூசாமல் எழுதுகிறான்: “இது நல்ல கனவு அல்ல. குழந்தைக்குத் தண்ணீரில் கண்டம். ஜாக்கிரதை.” அடப்பாவி! அவள் மூன்று நாளாகப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. குளிக்க வாளியில் தண்ணீர் பிடிக்கவும் பயமாக இருக்கிறதாம்.

மச்சினன் அந்த வீட்டை நடத்துகிறவருக்கு எழுதிக் கேட்டான். “எங்கள் விதியில் பலன் சொல்லக் கூடாது என்று இல்லை” என்று பதில். என்ன திமிர்! அந்த வீட்டோடு தொடர்பையே துண்டித்துவிடலாமா என்று ஓட்டு வைத்திருக்கிறான். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி வரை.

தவளை எழுதினார்: “பொத்தானுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் ஒருவர் பேசியதற்கு வீட்டையே பூட்டினால், உள்ளே இருக்கிற மற்றவர்கள் என்ன செய்தார்கள்?”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “உங்களுக்கு என்ன போச்சு? பயந்து கிடப்பது நீங்களா?” என்று போட்டேன்.

பதில் இல்லை. இல்லாவிட்டால் போகட்டும்.

ஜூன் 15, சனி

வெட்டியாயிற்று. பன்னிரண்டுக்குப் பதினொன்று.

கடையில் ஒரு பெரியவரின் இடது லென்ஸ் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது. மணி ஒன்று ஐம்பது. பதினொன்றுக்குப் பதினொன்று என்று நிற்கிறது. கையைத் துடைத்துவிட்டு ‘வெட்டலாம்’ என்பதை அழுத்தினேன். எங்கள் ஓட்டில் ஒளிவுமறைவு இல்லை, யார் வேண்டுமானாலும் பெயரைப் பார்க்கலாம். பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. கடைசி அடி நம் அடி! சாயங்காலம் வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

தவளை இன்று எழுதவில்லை.

ஜூன் 17

இன்றும் இல்லை. கோபித்துக்கொண்டாரா? நான் அப்படிக் கேட்டது தப்புதான். ஆனாலும் ரெண்டு வரி திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

ஜூன் 19, புதன்

மாடிப்படிக் கனவின் கீழே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். “உங்களுக்கு என்ன போச்சு என்று கேட்டது என் வாய்க்கொழுப்பு. மன்னித்துவிடுங்கள்.” அனுப்பியதும் அழகாக வந்து உட்கார்ந்துகொண்டது, தேதி நேரத்தோடு. படிப்பார். எப்படியும் படிப்பார்.

ஜூன் 20

எழுதினேன். பதில் இல்லை.

ஜூன் 22, சனி

இன்று கடையில் மானம் போயிற்று. ஒரு அம்மாவின் கண்ணாடியில் வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. அவர் போட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, உங்க கடைத் தரை எப்பவும் இப்படித்தான் வந்து வந்து போகுமா?” என்று கேட்டார். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இதையும் தவளைக்கு எழுதினேன். சிரிப்பு வந்தால் கோபம் போய்விடுமே.

ஜூன் 24, திங்கள்

காலையில் மனைவி காபி வைத்துவிட்டு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “என்னங்க, உங்க தவளை இன்னிக்கும் கத்தலையா?” சிரிக்க முடியவில்லை. அவள் முகம் மாறியது. “ஒடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ. ஆள் யாருன்னு தெரியாம என்னன்னு விசாரிக்கிறது?” பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள், யார் வரவில்லை என்றாலும் போன் போட்டுக் கேட்டுவிடுவாள். என்னிடம் போன் நம்பர் கேட்டாள். ஒரு தவளைப் படம் இருக்கிறது என்றேன்.

ஜூன் 29

பொய்க் கனவும் வரவில்லை இப்போதெல்லாம். ஃபிரேமைக் கழுவினால் ஃபிரேம்தான் தெரிகிறது.

ஜூலை 3, புதன்

தினமும் எழுதுகிறேன். மாடிப்படிக் கனவின் கீழே என் பின்னூட்டங்கள் ஏணி மாதிரி இறங்கிக்கொண்டே போகின்றன. படிக்குப் படி உட்கார்ந்து நான்தான் செருப்பைக் கழற்றுகிறேன்.

செத்துக்கித்துப் போயிருப்பாரோ? சீ, என்ன புத்தி இது. ஆனால் அப்படி ஒன்று நடந்தால் எனக்கு யார் சொல்வார்கள்? நான் கடைசியாகக் கேட்டது ‘உங்களுக்கு என்ன போச்சு’ என்றல்லவா நிற்கும்!

இன்று எழுதியது: “கனவு வேண்டாம். பங்கு வேண்டாம். இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை.”

ஜூலை 9, செவ்வாய்

மச்சினன் சாப்பிட வந்திருந்தான். மனைவிதான் பேச்சை எடுத்தாள், “உன் மாமா ஒரு தவளைக்காக உருகிப்போறார்டா, என்னன்னு பாரு.” போனை வாங்கிப் பார்த்தான். கீழே தள்ளிக்கொண்டே போனான். சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

“மாமா. இவர் நம்ம வீட்டு ஆள் இல்ல.”

“அதனால?”

“இவரு நாம வெட்டிவிட்ட வீடு. பேருக்குப் பின்னாடி @ சுழி போட்டு என்ன எழுதியிருக்கு பாருங்க. அதானே மாமா வீட்டுப் பேரு? நாலு வருஷமா அந்த வாலைப் பார்க்கவே இல்லையா நீங்க?”

பார்க்கவில்லை. தவளை என்றுதான் படிப்பேன். அதற்குப் பின்னால் ஏதோ இங்கிலீஷ் எழுத்து, எல்லார் பெயருக்கும் பின்னால் இருக்கிறது, விலாசத்தை யார் படிக்கிறார்கள்?

“அப்ப நான் எழுதினதெல்லாம்?”

“அது நம்ம வீட்ல இருக்கிற நகல் மாமா. ஒவ்வொரு வீட்டுலயும் எல்லாப் பதிவுக்கும் ஒரு நகல் இருக்கும். ஜன்னல் தொறந்திருந்தா நீங்க இங்க எழுதுறது அங்க இருக்கிற நகலுக்கும் போகும். இப்ப ஜன்னலை அடைச்சாச்சு. நீங்க இந்தப் பக்கம் செவுத்தைப் பார்த்து எழுதிட்டிருக்கீங்க.”

இருபது நாள்! ஒரு வரிகூடப் போகவில்லை. வாய்க்கொழுப்பு போய்ச் சேர்ந்தது, மன்னிப்பு போய்ச் சேரவில்லை. அவர் அன்றைக்கு ‘உள்ளே இருக்கிற மற்றவர்கள்’ என்றது தன்னைத்தான். அவரைப் பார்த்துத்தான் நான் கேட்டிருக்கிறேன், உங்களுக்கு என்ன போச்சு என்று.

பதினொன்றுக்குப் பதினொன்று. கையைத் துடைத்துவிட்டு அழுத்தினேனே. ஐயோ.

ஜூலை 11, வியாழன்

அந்த வீட்டு வாசலுக்கு விருந்தாளியாகப் போய் யார் வேண்டுமானாலும் படிக்கலாமாம். கதவு திறந்துதான் இருக்கும் என்கிறான் மச்சினன். போகவில்லை. ஓட்டுப் பட்டியலும் அப்படித்தானே, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அவர் பார்த்திருப்பாரா? கடைசிப் பெயரைப் பார்த்திருப்பாரா? பார்த்திருந்தால் எனக்கு அங்கே என்ன வேலை?

ஜூலை 12

போகவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

போனேன்.

கடை லீவு. மொட்டை மாடியில் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போர்வைகளுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காற்றில் போர்வை உப்பி உப்பி அமுங்குகிறது, வெளிச்சம் வந்து வந்து போகிறது. அந்த வீட்டின் பக்கத்தைத் திறந்து என் பெயரைத் தேடினேன். என்னுடைய கடைசிப் பொய்க் கனவின் நகல் அங்கேயும் இருக்கிறது. சுவர் எழும்புவதற்கு முந்தைய நாள் எழுதியது, கடிகாரக் கடையில் எல்லாக் கடிகாரமும் கொட்டாவி விடுவதாக.

அதன் கீழே இருபத்தொன்பது பின்னூட்டம். எல்லாம் தவளை. தினம் ஒன்று, ஒரு நாளும் தவறவில்லை.

முதலாவது, ஜூன் 16: “இது உங்களுக்கு வந்து சேராது என்று தெரியும். ஓட்டுப் பட்டியலைப் பார்த்தேன். கடைசிப் பெயர் உங்களுடையது, பத்து நிமிஷம்தான் பாக்கி இருந்திருக்கிறது. அழுதேன், பொய் சொல்லவில்லை. பிறகு யோசித்தேன். கோபத்தில் போட்டிருப்பார், ஆறட்டும். ஆறுகிறவரைக்கும் உங்கள் கனவை யார் பார்ப்பது? உங்கள் பங்கு: ஒரு கூடை நிறையச் சாவிகள். எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தன.”

அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. கண்ணாடிக்கடைக்காரன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், மாட்டினேன், திரும்பவும் தெரியவில்லை. மனைவி போர்வையை விலக்கிக்கொண்டு வந்து, “என்னங்க, என்ன ஆச்சு” என்றாள். “இருக்காரு” என்றேன். “அவருக்கு மொதல் நாளே தெரியும். தெரிஞ்சும்…” அவள் ஈரக் கையைத் தலையில் வைத்தாள்.

எல்லாவற்றையும் படித்தேன். ஜூன் 22: “உங்கள் பங்கு: தரையில் வரைந்த ரயில். ஏறினால் நகர்கிறது.” அன்றைக்குத்தான் நான் லென்ஸை மாற்றி மாட்டினேன். ஜூன் 26: “பலன் சொன்ன ஆளிடம் நானும் வேறு சிலரும் பேசினோம். பொத்தானிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டார், அதுவும் சுவருக்கு இந்தப் பக்கமே கிடக்கிறது. இது எப்போதாவது உங்கள் கண்ணில் பட்டால் அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்.” ஜூலை 3, நான் ஒரு வார்த்தை கேட்டுக் கெஞ்சிய அன்று: “உங்கள் பங்கு: ஒன்றுமில்லை இன்று. இருக்கிறேன்.”

உடனே பொத்தானுக்கு எழுதினேன். பிறகு அந்த வீட்டில் எனக்கு ஒரு கணக்கு வேண்டும் என்று விண்ணப்பித்தேன். ‘ஏன் சேர விரும்புகிறீர்கள்?’ என்று ஒரு கட்டம். “உங்கள் வீட்டில் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்” என்று நிரப்பினேன்.

ஜூலை 15

இன்னும் அனுமதி வரவில்லை. பொத்தானிடமிருந்து வந்தது: “படிச்சேன். அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. பிள்ளை இப்ப பக்கெட்ல உக்காந்து கப்பல் விடுது.”

ஜூலை 16, செவ்வாய்

அனுமதி கிடைத்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், மெஷினை நிறுத்திவிட்டு, இதற்குள் முப்பத்தொன்றாகியிருந்த அந்தப் பின்னூட்டங்களின் கீழே எழுதினேன். என்ன என்னவோ யோசித்து வைத்திருந்தேன், கடைசியில் இவ்வளவுதான் வந்தது: “அந்த ஓட்டு என்னுடையதுதான். நீங்கள் அந்த வீடு என்றே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைய கோபத்தில் போட்டிருப்பேனோ என்னவோ, அதுதான் பயமாக இருக்கிறது. இருபது நாள் நானும் எங்கள் பக்கச் சுவரில் எழுதிக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடுங்கள்.”

டப்பாவைத் திறந்து வைத்தேன், கை போகவில்லை.

இருபது நிமிஷத்தில் பதில்.

“ஒரே ஒரு கேள்வி: சாப்பிட்டீங்களா?”

கடையில் ஆள் இருந்தார்கள். மெஷினைப் போட்டுவிட்டு அதன் சத்தத்துக்குள் அழுதேன்.

ஜூலை 21, ஞாயிறு

மறு ஓட்டு. இந்தத் தடவை கேட்டது நான். பலன் சொல்கிற ஆளை மட்டும் தனியாகத் தடுத்துவிட்டு ஜன்னலைத் திறக்கலாம் என்று எழுதி, சென்ற முறை என் ஓட்டு எப்படி விழுந்தது என்பதையும் எழுதினேன். முதல் ‘திறக்கலாம்’ பொத்தானுடையது. பதினெட்டுக்கு ஐந்து.

திறந்தாலும் இடையில் எழுதியவை தாமாகக் கடந்து வராதாம். அவர் எழுதியது அங்கேயே, நான் எழுதியது இங்கேயே. தவளை விருந்தாளியாக இங்கே வந்து மாடிப்படிக் கனவின் கீழே என் ஏணியைப் படித்துவிட்டுப் போயிருக்கிறார். “அந்த அம்மாவின் ‘வந்து வந்து போகும் தரை’யைப் படித்துச் சிரித்து, டீயைப் போனில் சிந்திவிட்டேன்” என்று எழுதியிருந்தார். டீ குடிக்கிறவர் போல. நாலு வருடத்தில் அவரைப் பற்றித் தெரிந்துகொண்ட முதல் விஷயம்.

ஜூலை 28, ஞாயிறு

“என்னங்க, எந்திரிங்க. தூக்கத்துல அப்படி என்ன சிரிப்பு?” மனைவி உலுக்கியதில்தான் விழிப்பு வந்தது.

“நானா?”

“பின்ன நானா? கட்டிலே குலுங்குது. நான் எந்திரிச்சு அஞ்சு நிமிஷமா உக்காந்து பார்க்கிறேன்.”

எனக்கு ஒன்றும் நினைவில்லை. கருப்பு, பிறகு அவள் முகம், இவ்வளவுதான். ஆனால் கன்னம் வலித்தது.

காபியைத் தள்ளி வைத்துவிட்டுக் குழுவில் எழுதினேன். நாலு வருடத்தில் ஜோடிக்காமல் எழுதிய முதல் பதிவு: “எனக்குக் கனவு வருவதில்லை. இதுவரை இங்கே எழுதியதெல்லாம் நானாகக் கட்டியது. இன்று காலை பார்த்தது: ஒன்றும் இல்லை. தூக்கத்தில் சிரித்தேன் என்று என் மனைவி சொல்கிறாள்.” கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன். கடிகாரம் கொட்டாவி விட்டதுகூடவா பொய் என்று பொத்தான் கேட்டாள். அவளுடைய ஒரே கேள்வி, அதற்கு ஆமாம் என்றேன்.

பிறகு மேலே தள்ளிப் பார்த்தால், எனக்கு அரைமணி நேரம் முன்பே தவளை எழுதியிருக்கிறார்.

“மாடிப்படி முடிந்துவிட்டது. கீழே கடல்தான், முழங்கால் அளவு, வெதுவெதுப்பு. செருப்பு கழற்றியவர்கள் எல்லாரும் அதில் நிற்கிறார்கள். ஒருவர் மஞ்சள் குடையைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை மொண்டு மொண்டு தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டு சிரிக்கிறார். முகம் தெரியவில்லை. எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன். உங்கள் பங்கு: அந்தச் சிரிப்பு.”

மனைவியிடம் போனை நீட்டினேன். இரண்டு தடவை படித்தாள். “காபி ஆறுது, குடிங்க” என்றாள், என் தலைமுடி ஈரமா என்று தொட்டுப் பார்த்துவிட்டு.